என் கை இருந்திருக்க வேண்டிய இடம்

போன ஞாயிற்றுக்கிழமை என் சான்றிதழ்களை எல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தேன். பத்தாவது, பன்னிரண்டாவது, ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோ, நர்சஸ் கவுன்சில் பதிவு, பி.எஸ்சி. என்று வரிசையாக. ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். அத்தை காபி டம்ளரோடு வந்து நின்று பார்த்தார்.

"பாப்பா ஸ்கூலுக்குப் போவுது. கவர்மெண்டு வேலை கையில இருக்குது. இன்னும் எதுக்கும்மா படிக்கப் போற?"

"பிரசவம் பாக்கறதுக்கு அத்தை."

"இத்தினி வருசமா அதானே பாத்துக்கினு இருக்க?"

அத்தையின் குரலில் குறை இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அந்த நேரத்தில் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வயது முப்பத்தைந்தை நெருங்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். இப்போது விண்ணப்பித்திருப்பது மகப்பேறு செவிலியப் பயிற்சிக்கு, 18 மாதம். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட மிட்வைஃபரி வழிகாட்டுதல்களோடு வந்த படிப்பு இது. சிக்கல் இல்லாத பிரசவத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை தன் பொறுப்பில் பார்க்கிற செவிலியர்களை உருவாக்குவது அதன் நோக்கம்.

ஏன் என்று சொல்ல 2009-க்குப் போக வேண்டும்.

நான் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்துப் பெண். அப்பா மல்லாட்டை போடுவார், மழை ஏமாற்றினால் கூலிக்குப் போவார். பன்னிரண்டாவது முடித்ததும் பக்கத்து டவுனில் ஒரு காம்ப்ளக்ஸ் மாடியில் நடந்த ஒரு வருட 'நர்சிங்' கோர்ஸில் சேர்த்துவிட்டார்கள். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. வெள்ளை யூனிஃபார்ம் கொடுத்தார்கள். கட்டில் விரிக்க, பிபி பார்க்க, ஊசி போட, டிரிப்ஸ் மாற்றச் சொல்லிக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு சான்றிதழ். கோர்ஸ் முடிவதற்குள்ளேயே ஒரு சின்ன தனியார் நர்சிங் ஹோமில் வேலை கிடைத்துவிட்டது. எல்லோரும் "சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள். ஊருக்குப் போனால் "நர்சம்மா வந்துட்டா" என்பார்கள். நானும் நர்ஸ்தான் என்றே நம்பினேன்.

அது ஆடி மாதம். ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. நல்ல எடை. நஞ்சுக்கொடியும் வெளியே வந்துவிட்டது. டாக்டர் கிளம்பிப் போனார். அந்த நர்சிங் ஹோமில் முறையாகப் படித்துப் பதிவு செய்த செவிலியர் ஒரே ஒருவர்தான். நாங்கள் அவரைப் பெரியக்கா என்போம். அவர் அடுத்த நோயாளிக்காக மேல்மாடிக்குப் போகும்போது என்னிடம் "பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல்.

கீழே விரித்திருந்த துணி நனைந்தது. மாற்றினேன். மறுபடியும் நனைந்தது. பிரசவம் என்றால் ரத்தம் போகத்தான் செய்யும் என்று நினைத்தேன். எவ்வளவு போனால் அதிகம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த அக்கா மெதுவாக, "சிஸ்டர், எனக்கு ஒரு மாதிரி வருது, கையப் புடிச்சிக்கங்க" என்றார். கை ஐஸ் மாதிரி இருந்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ஒண்ணும் இல்லக்கா, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே மாடிப்படியைப் பார்த்துக் கத்தினேன். பெரியக்கா வந்து சேர மூன்று நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

வந்தவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? துணியையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. தொப்புளுக்குக் கீழே வயிற்றில் கையை வைத்தார். "பஞ்சாட்டம் கெடக்குது பாரு" என்றார். அப்படியே வட்டமாக, அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துக்கொண்டே, "யூரின் போனாங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் கையை எடுத்து அந்த வயிற்றில் வைத்து, "விடாம தேய்" என்று சொல்லிவிட்டு டியூப் போட்டார். அரை லிட்டருக்கு மேல் சிறுநீர் வந்தது. என் உள்ளங்கைக்கு அடியில் அதுவரை மாவு மாதிரி இருந்தது மெல்ல மெல்லத் திரண்டு, தேங்காய் மாதிரி கெட்டியானது. அந்த உணர்வு இன்றும் என் கையில் இருக்கிறது.

"ஆக்ஸிடோசின் எடு" என்றார். டிரேயில் இருந்த ஆம்பூலை நீட்டினேன். மத்தியானத்திலிருந்து அங்கேயேதான் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தவர், "வெளியிலயே கெடந்ததா இது? ஃபிரிட்ஜில இருந்து எடுத்தா" என்றார். ஓடினேன்.

108 வந்தது. அப்போது தமிழ்நாட்டில் 108 வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஜிப்மருக்குக் கொண்டு போனார்கள். நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்களாம். அந்த அக்கா பிழைத்துக்கொண்டார். கருப்பையை எடுக்கும் நிலை வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்காரர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். பெரியக்காவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு என்னிடம் வந்து, "நீங்கதான் கடைசி வரைக்கும் கைய விடவே இல்லியாமே சிஸ்டர்" என்று சொல்லிக் கண்கலங்கினார்.

அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. ஆறுதலுக்காகக் கையைப் பிடிப்பது தப்பில்லை. இன்றும் பிடிக்கிறேன். ஆனால் அந்த மூன்று நான்கு நிமிடம் என் கை இருந்திருக்க வேண்டிய இடம் அவர் வயிறு. எனக்கு அது தெரியாது. தெரியாததற்காக அவர் எனக்கு நன்றி சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் நர்சிங் படிக்கப் போனதற்கு இதுதான் காரணம். வேறு காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது என்பதால். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடம் ஒரு திறந்த புண். அதை மூடத் தையலோ கட்டோ கிடையாது. கருப்பையின் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாக, எட்டு வடிவத்தில் பின்னிக் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவில்தான் ரத்தக் குழாய்கள் போகின்றன. தசை சுருங்கினால் ஒவ்வொரு குழாயும் முடிச்சுப் போட்ட மாதிரி இறுகிவிடும். சுருங்காவிட்டால் குழாய் திறந்தே கிடக்கும். பிரசவத்துக்குப் பிறகு வரும் ரத்தப்பெருக்கில் பத்தில் ஏழு இந்தச் சுருங்காமையால்தான். மூத்திரப்பை நிறைந்திருந்தால் அது கருப்பையை மேலே தள்ளிச் சுருங்க விடாது. அதனால்தான் பெரியக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். வெளியில் கிடந்தால் வீரியம் குறையும், ஆனால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, தண்ணீர் மாதிரி அப்படியேதான் இருக்கும். அதற்கு முன்பு எத்தனை ராத்திரி வெளியில் கிடந்த ஆம்பூலை எடுத்துக் கொடுத்தேன் என்று யோசித்து, பிறகு யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

இதையெல்லாம் நான் கற்றது ஜி.என்.எம். மூன்றாம் வருடத்தில். டியூட்டர் போர்டில் அந்த எட்டு வடிவத் தசையை வரைந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் தலைவலியா என்று கேட்டாள்.

அந்தப் படிப்புக்குள் நுழைந்த கதை தனி. ஆடி மாதத்து ராத்திரிக்குப் பிறகு பெரியக்காவிடம், "எனக்கு எல்லாம் சொல்லிக் குடுங்கக்கா, நானும் நர்ஸ்தானே" என்றேன். அவர் என்னை உட்கார வைத்து, "உன் சர்ட்டிஃபிகேட்டை வச்சுக் கவுன்சில்ல பதிய முடியாதும்மா" என்றார். பதிவு இல்லாவிட்டால் சட்டப்படி நான் செவிலியர் இல்லை. யூனிஃபார்ம் மட்டும்தான். ஏ.என்.எம். அப்போது ஒன்றரை வருடம் (இப்போது இரண்டு), ஜி.என்.எம். அப்போது மூன்றரை வருடம் (இப்போது மூன்று), பி.எஸ்சி. நான்கு வருடம் என்று ஒரு பேப்பரில் எழுதிக் காட்டினார். அந்த ஒரு வருடக் கோர்ஸ் அந்தப் பேப்பரில் எங்குமே இல்லை. அம்மாவின் தோடு அதற்குத்தான் போயிருந்தது.

அரசு செவிலியர் பள்ளிக்கு விண்ணப்பித்தேன். முதல் தடவை கிடைக்கவில்லை. 2010-ல் கிடைத்தது. ஹாஸ்டல், கொஞ்சம் உதவித்தொகை. அப்பா மறுபேச்சுப் பேசவில்லை.

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்தை விரித்து வைத்து ஒரு பக்கத்துக்கு நாற்பது சொல்லுக்கு அர்த்தம் எழுதியவர்களுக்குத் தெரியும், அந்த முதல் வருடம் எப்படி இருக்கும் என்று. 'ஹெமரேஜ்' என்ற சொல்லுக்கு அகராதியில் குருதிப்பெருக்கு என்று இருந்தது. அந்தச் சொல் மட்டும் எனக்கு அகராதி இல்லாமலே தெரிந்தது. மிட்வைஃபரியில் இருபது சுகப்பிரசவத்தை நாமே பார்த்து, கேஸ் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இருபதிலும் நஞ்சுக்கொடி வந்த அடுத்த நொடி என் கை வயிற்றுக்குப் போனது. "யாரு உனக்கு இதைப் பழக்கினா?" என்று லேபர் வார்டு சிஸ்டர் கேட்டார். ஒரு அக்கா என்று மட்டும் சொன்னேன்.

நர்சிங் வரலாற்றுப் பாடத்தில் எங்கள் ஊர் வந்தது. 1854-ல் சென்னையில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி, 1871-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பள்ளி என்று வருடங்களாக மனப்பாடம் செய்துகொண்டு வந்தபோது திடீரென்று திண்டிவனம். 1890-களில் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் அமெரிக்காவிலிருந்து உடல்நலம் இல்லாத தன் தாயைப் பார்க்க அங்கே வந்திருந்தார். தகப்பனார் மருத்துவர். ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, தங்கள் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டுக் கதவைத் தட்டினார்கள். ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்றார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இந்தியாவில் தங்கவே விரும்பாதவர் திரும்பிப் போய் மருத்துவம் படித்து 1900-ல் வந்தார். வேலூர் சி.எம்.சி. அப்படி ஆரம்பித்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் அவருடைய கருணையைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு வேறொன்று பட்டது. அந்த ராத்திரி அவரிடம் கருணை இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தது. படிப்புதான் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் வேலூரில் செவிலியர் பயிற்சியை 1909-ல் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-ல்தான் வந்தது. முதலில் நர்ஸ், ஒன்பது வருடம் கழித்துத்தான் டாக்டர். பிரசவ அறையில் ராத்திரி முழுக்க நிற்கப் போவது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

'சேவை மனப்பான்மை' என்று எங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு மனசு ஒட்டாமல் போவது இதனால்தான். மே 12 செவிலியர் தினத்துக்கு மேடையில் ஏற்றி, மெழுகுவர்த்தி கையில் கொடுத்து, தேவதை என்கிறார்கள். அன்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்பு இல்லாதவர் இந்த வேலைக்கு வரவே கூடாது. ஆனால் அன்பை மட்டும் கேட்டு, படிப்பைக் கேட்காமல், பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு யூனிஃபார்ம் மாட்டி லேபர் ரூமில் தனியாக நிறுத்துவது அந்தப் பெண்ணுக்கும் துரோகம், கட்டிலில் படுத்திருப்பவருக்கும் துரோகம்.

படிப்பு முடிந்தது, தேர்வு எழுதினேன், ஒப்பந்தத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தேன். நிரந்தரமாக வருடங்கள் ஆயின. கல்யாணம், பாப்பா. நடுவில் இக்னோவில் மூன்று வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நைட் டூட்டி முடித்து பஸ்ஸிலேயே அசைன்மெண்ட் எழுதியிருக்கிறேன். கான்டாக்ட் கிளாஸ் நாட்களில் பாப்பாவைப் பார்த்துக்கொண்டது அத்தைதான், அதை இங்கே பதிவு செய்யாவிட்டால் நியாயம் இல்லை.

சரி, இவ்வளவும் படித்த பிறகு இப்போது எதற்கு இன்னும் 18 மாதம்?

இரண்டு வருடம் முன்பு, முதல் பிரசவத்துக்கு ஒரு பெண் வந்தார். இருபத்தொரு வயது. வலி நன்றாக வந்துவிட்டது. அவர் எழுந்து உட்காரப் பார்த்தார், கட்டிலைப் பிடித்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் "படும்மா, படு" என்று படுக்க வைத்தேன். அவர் என்னைப் பார்த்து, "ஏன் சிஸ்டர் படுத்துக்கினே முக்கணும்? உக்காந்தா எனக்கு நல்லா இருக்குதே" என்றார்.

"அப்படித்தாம்மா பண்ணணும்" என்றேன்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, தாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டூட்டி முடிந்து வீட்டுக்கு வரும்போது அந்தப் பதில் என்னை விடவில்லை. அப்படித்தான் என்றால் என்ன பதில்? எனக்கு ஏன் என்று தெரியாது, எனக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 2009-ல் துணியை மாற்றிக்கொண்டு நின்ற பெண்தான் அந்தப் பதிலைச் சொன்னாள்.

தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில், தாய் தனக்கு வசதியான நிலையில் பிரசவிக்கலாம், நிமிர்ந்த நிலையும் சரியே என்று தெளிவாக இருக்கிறது. முதல் பிரசவம் என்றாலே வெட்டித் தையல் போடுவதை வழக்கமாகச் செய்யக் கூடாது என்றும் இருக்கிறது. நான் எத்தனை பேருக்கு வெட்டியிருக்கிறேன்! எல்லோருக்கும் தேவைப்பட்டதா என்று இன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தப் பெண்கள் உட்கார முடியாமல் நாட்கணக்கில் கஷ்டப்பட்டிருப்பார்கள்.

அத்தையிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன், உங்க காலத்துல எப்படி என்று. "உத்தரத்துல கயிறு கட்டித் தொங்க விடுவாங்க. அதைப் புடிச்சிக்கினு உக்காந்துதான். மருத்துவச்சி முன்னாடி குந்திக்கினு இருப்பா" என்றார். எனக்கு ஒரு நிமிடம் சிலிர்த்தது. ஆனால் அவரே தொடர்ந்து, தன் சித்தி மகள் ஒருத்தி பிரசவமாகி அதே ராத்திரியில் ரத்தம் போய் இறந்ததையும் சொன்னார். மருத்துவச்சி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாளாம். அதனால் பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல மாட்டேன். உட்காரச் சொன்னது சரி. ரத்தம் ஏன் நிற்கவில்லை என்று அவளுக்கும் தெரியாது, பாவம், யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இரண்டும் தெரிந்த ஒருத்தி வேண்டும். உடம்பு தன் வேலையைத் தானே செய்யும்போது கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக உட்காரத் தெரிய வேண்டும். அது தவறும் நொடியில் கையை எங்கே வைக்க வேண்டும் என்றும் தெரிய வேண்டும். ஜி.என்.எம். எனக்கு இரண்டாவதைக் கொடுத்தது. முதலாவதைக் கற்கத்தான் இந்த 18 மாதம்.

2018-20 கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 தாய்மார் இறந்தார்கள். நாட்டின் சராசரி 97. பெருமைப்பட வேண்டிய எண்தான், கிராமத்துச் செவிலியர்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் சேர்ந்து உழைத்து வந்த எண். ஆனால் அதே கணக்கில் கேரளத்தில் 19. எங்கள் மீட்டிங்கில் இந்த எண்களை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இப்படி ஒரு கணக்கில் ஒருவராக ஆகியிருக்கக்கூடிய ஒரு அக்காவின் குளிர்ந்த கைதான் நினைவுக்கு வரும்.

இதை அத்தையிடம் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சொன்னேன். முழுதாக, ஆடி மாதத்து ராத்திரியிலிருந்து. வீட்டில் யாருக்கும் அதுவரை சொன்னதில்லை. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பரப்பிக் கிடந்த சான்றிதழ்களை வருட வரிசையில் அடுக்கி, மஞ்சள் பையில் போட்டு, "ஜெராக்ஸ் கடை எட்டு மணிக்கு மூடிடுவான், கெளம்பு" என்றார்.

கடைசியாக, இப்போது ஏதோ ஒரு நர்சிங் ஹோமில் யூனிஃபார்மோடு நைட் டூட்டியில் நிற்கிற தங்கைகளுக்கும், மகளை நர்சிங் சேர்க்க நினைக்கிற பெற்றோருக்கும். பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "படிச்சு முடிச்சா தமிழ்நாடு நர்சஸ் கவுன்சில்ல பதிய முடியுமா?" வாய்வார்த்தையை நம்பாதீர்கள். அங்கீகாரம் பெற்ற பள்ளி, கல்லூரிகளின் பட்டியல் கவுன்சிலிடம் இருக்கிறது, அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே ஒரு வருடக் கோர்ஸ் முடித்துவிட்டவர்கள் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம். நானும் அங்கிருந்துதான் வந்தேன். பன்னிரண்டாவது மதிப்பெண் சான்றிதழை எடுத்துக்கொண்டு இந்த வருடமே ஜி.என்.எம்.முக்கு விண்ணப்பியுங்கள். அதுவரைக்கும், இன்றைக்கு ராத்திரி உங்களை யாராவது லேபர் ரூமில் "பாத்துக்கோ" என்று விட்டுப் போனால், எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் படி ஏறுவதற்குள் கேட்டுவிடுங்கள்.